கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பழைய காட்டேஜ் வீடு வாங்குவது எப்படி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீட்டு விளம்பரத்தை அனுப்பியிருந்தார். தாழ்ந்த கூரை, வெள்ளைச் சுவர், வாசல் மேல் படர்ந்த ரோஜாக்கொடி. உள்ளே கறுத்த உத்திரங்கள், ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய கணப்படுப்பு. "அண்ணா, வீட்ல இதையேதான் ரெண்டு நாளா சொல்லிட்டிருக்காங்க. எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா முந்நூறு வருஷத்து வீடாம். தைரியமா வாங்கலாமா?"

வாங்கலாம். அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் நானும் குடும்பமும் 11 ஆண்டுகளாக இருக்கிறோம். வேறு வீட்டுக்குப் போகும் எண்ணமே இல்லை. ஆனால் புது வீடு வாங்குகிற மாதிரி இதை வாங்கக் கூடாது. அன்று அவரிடம் இரண்டு மணி நேரம் பேசியதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். இதில் உள்ள சட்டமும் வரியும் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்ஸில் வரி வேறு, ஸ்காட்லாந்தில் வாங்கும் முறையே வேறு.

முதலில், வீட்டுக்குப் போகாமலே பார்க்க வேண்டியவை

விளம்பரத்தில் வரும் 'பீரியட் காட்டேஜ்' என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்தப் பொருளும் கிடையாது. பொதுவாக முதல் உலகப் போருக்கு முன்பு கட்டிய வீட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1680-இல் கட்டியதும் பீரியட்தான், 1905-இல் கட்டியதும் பீரியட்தான். இரண்டும் முற்றிலும் வேறு வேறு வீடுகள். ஆகவே எந்த ஆண்டு, எந்தப் பொருளால் கட்டியது என்பதை ஏஜென்டிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படங்களை விட்டுவிட்டுத் தரைப்படத்தைப் பாருங்கள். குடும்பத்தோடு இருக்க வீடு தேடுபவர்களுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. பழைய காட்டேஜ்களில் நடை கிடையாது. ஓர் அறைக்குள் புகுந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். மூன்று படுக்கையறை என்று போட்டிருப்பார்கள், ஆனால் மூன்றாவது அறைக்கு வழி இரண்டாவது அறைக்குள்ளே இருக்கும். குளியலறை பெரும்பாலும் சமையலறைக்குப் பின்னால், கீழ்த்தளத்தில்தான். சின்னப் பிள்ளைகளும் வயதான அம்மா அப்பாவும் இருக்கும் வீட்டில், நடுராத்திரி செங்குத்தான படியில் இறங்கிப் போவதை யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்தபோது அந்தப் படிதான் பெரிய கவலையாக இருந்தது. கடைசியில் கீழே இருந்த உணவறையையே அவருக்குப் படுக்கையறையாக மாற்றினோம்.

அப்புறம் வெள்ளம். எந்த முகவரியையும் போட்டு வெள்ள அபாயம் பார்க்க அரசின் இணையதளத்தில் வசதி இருக்கிறது, கட்டணமில்லை. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே தாழ்வான ஃபென் சமவெளி, தெற்கே சுண்ணாம்புக்கல் மேடு. இரண்டு பக்கமும் அழகான கிராமங்கள் உண்டு, மண் மட்டும் வேறு. ஃபென் பக்கத்துக் கரிமண் காய்ந்தால் சுருங்கி அமிழும், அதன் மேல் நிற்கும் வீட்டுச் சுவர் சாயும். அங்கே வாங்குவதாக இருந்தால் அஸ்திவாரம் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். வெள்ள அபாயம் இருக்கிறது என்று வந்தாலும் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரி 1-க்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு 'ஃப்ளட் ரீ' திட்டத்தின் வழியாகத் தாங்கக்கூடிய விலையில் காப்பீடு கிடைக்க வாய்ப்புண்டு. அந்தத் திட்டம் 2039 வரைதான்.

வேலைக்குப் போய் வரும் வழியையும் பாருங்கள். ஷெல்ஃபோர்ட், விட்டில்ஸ்ஃபோர்ட், ஃபாக்ஸ்டன், ஷெப்ரெத், மெல்ட்ரெத், வாட்டர்பீச் ஆகிய இடங்களில் ரயில் நிலையம் இருக்கிறது. மற்ற கிராமங்களில் பேருந்து மாலைக்குப் பிறகு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். கணவன், மனைவி இருவருக்கும் வேலை என்றால் இரண்டு கார் தேவைப்படும். அந்தச் செலவையும் வீட்டு விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வீடு பட்டியலில் இருக்கிறதா?

பழைய வீடு வாங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இங்கிலாந்தில் வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கிறார்கள். 1700-க்கு முன்பு கட்டி ஓரளவு பழைய நிலையிலேயே நிற்பவை எல்லாம் பட்டியலில் இருக்கும், 1700-இலிருந்து 1850 வரை கட்டியவற்றிலும் பெரும்பாலானவை இருக்கும். முதல் கிரேடு, நட்சத்திரம் போட்ட இரண்டாம் கிரேடு, வெறும் இரண்டாம் கிரேடு என்று மூன்று படிகள். கிராமத்துக் காட்டேஜ் என்றால் அநேகமாக இரண்டாம் கிரேடுதான். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணையதளத்தில் ஊர் பெயர் போட்டுத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டைப் பற்றிய சின்னக் குறிப்பும் அங்கே இருக்கும்.

பட்டியலில் வெளிச்சுவர் மட்டும்தான் வரும், உள்ளே நம் இஷ்டம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தவறு. உள்ளே இருக்கும் கதவு, படிக்கட்டு, கணப்பு, தரை எல்லாமே அதில் அடங்கும். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வீட்டு வளாகத்தில் நிற்கும் கொட்டகையும் மதிலும்கூட அடங்கலாம். வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளூர் மாவட்ட மன்றத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, 8 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஒப்புதல் இல்லாமல் செய்தால் அது குற்றம். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, வரம்பில்லாத அபராதம்.

வாங்குபவர் தலையில் விடியக்கூடிய இன்னொரு விஷயம் இருக்கிறது. முன்பிருந்தவர் ஒப்புதல் வாங்காமல் ஒரு சுவரை இடித்திருந்தாலோ, மரச் சன்னலை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் சன்னல் வைத்திருந்தாலோ, அதைப் பழையபடி ஆக்கச் சொல்லி மன்றம் உங்களுக்கு உத்தரவு அனுப்பலாம். செய்தவர் எங்கோ போயிருப்பார், பொறுப்பு வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வந்திருக்கும். இதற்குக் காலவரம்பும் கிடையாது, 30 வருஷம் கழித்தும் கேட்கலாம். ஆகவே பார்க்கப் போகும்போதே புதுசாகத் தெரியும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்கட்டு எப்போது கட்டியது, சன்னல் எப்போது மாற்றியது, ஒப்புதல் கடிதம் எங்கே? மன்றத்தின் திட்ட அனுமதி இணையதளத்தில் பழைய விண்ணப்பங்கள் பலவும் கிடைக்கும், நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வந்தவுடன் மன்றத்துக்கு நேராகப் போன் போட்டுவிடாதீர்கள், முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர்) சொல்லுங்கள். சில சிக்கல்களுக்கு இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பது வழக்கம். நீங்கள் மன்றத்தைத் தொடர்புகொண்டுவிட்டால் அந்தக் காப்பீடு கிடைக்காமல் போகும். ஆனால் பட்டியல் வீட்டில் காப்பீடு பணத்துக்குத்தான் ஓரளவு ஈடு, தவறாகச் செய்த வேலையை அது சரியாக்கிவிடாது.

வீடு பட்டியலில் இல்லாமல், பழைய தோற்றம் கெடாமல் இருக்க மன்றம் அறிவித்த பாதுகாப்புப் பகுதிக்குள் கிராமம் இருக்கலாம். அங்கே தோட்டத்து மரத்தை வெட்டவோ கழிக்கவோ 6 வாரம் முன்னதாக மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பரணில் வௌவால் இருந்தால் அதைத் துரத்தவும் கூடாது, அது வந்து போகும் வழியை அடைக்கவும் கூடாது. இங்கே எல்லா வௌவால் இனத்துக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

சுவர் எதனால் ஆனது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய வீட்டில் நடக்கும் கேடுகளில் பெரும்பாலானவை இதைப் புரிந்துகொள்ளாததால் வருபவை. எனக்கும் அப்படித்தான் வந்தது.

இன்றைய வீட்டில் சுவர் இரண்டு அடுக்கு, நடுவில் இடைவெளி. மழைநீர் வெளி அடுக்கைத் தாண்டாது. பழைய வீட்டில் சுவர் ஒரே அடுக்கு. தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமங்களில் அது மரச்சட்டத்துக்கு நடுவே வரிச்சு கட்டி மண் அப்பியதாக இருக்கலாம், கிளஞ்ச் என்று சொல்லும் மெதுவான சுண்ணாம்புக்கல்லாக இருக்கலாம், வெளிர் மஞ்சள் நிறக் கால்ட் செங்கல்லாக இருக்கலாம். களிமண்ணில் வைக்கோல் கலந்து, சுடாமல் வெயிலில் காயவைத்த பச்சைக் கல்லில் கட்டிய வீடுகளும் இந்தப் பக்கம் நிறைய. நம் ஊரில் பாட்டி வீட்டு மண்சுவரை மிதித்துக் குழைத்துக் கட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

இவை எல்லாமே ஈரத்தை வாங்கும், பிறகு காற்றில் விட்டுவிடும். கல்லுக்கு நடுவே வைத்த சாந்து சுண்ணாம்பு, மேலே பூசியது சுண்ணாம்பு, அடித்த வெள்ளையும் சுண்ணாம்பு. மழை பெய்தால் சுவர் நனையும், வெயிலும் காற்றும் வந்தால் உலரும். அந்தச் சுவர் மூச்சு விடுகிறது என்று இங்குள்ள பழைய கொத்தனார்கள் சொல்வார்கள். டெவன் பக்கத்து மண்வீட்டுக்காரர்கள் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் வேண்டும் என்பார்கள். மேலே கூரை ஒழுகாமல், கீழே அடிமானம் நனையாமல் இருந்தால் மண்சுவர் நூற்றாண்டுகள் நிற்கும்.

1824-இல் லீட்ஸ் நகரில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டில் அது எங்கும் பரவியது, பழைய வீடுகளைப் பழுது பார்த்தவர்களும் சிமென்ட்டையே பூசினார்கள். சிமென்ட் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியாக நீர் உள்ளே போகும். போனது திரும்பி வெளியே வர வழியில்லை. சுவர் உள்ளுக்குள்ளேயே ஊறும்.

எங்கள் வீட்டுச் சமையலறையின் வடக்குச் சுவர் அப்படித்தான் இருந்தது. பிப்ரவரியில் வீடு பார்க்கப் போனபோது அந்தச் சுவரை ஒட்டி ஒரு அலமாரி நின்றது. வெள்ளைச் சுவர், புதுப் பெயின்ட். வாங்கிக் குடிவந்த பிறகு அலமாரியை நகர்த்தினோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளித்திருந்தது, தொட்டால் உதிர்ந்தது. அடியில் உப்பு பூத்து, விரலில் வெள்ளையாக ஒட்டியது. வந்து பார்த்த ஒரு நிறுவனத்து ஆள், கையிலிருந்த மீட்டரின் இரண்டு ஊசிகளையும் சுவரில் குத்தினார், மீட்டர் கீச்சென்று கத்தியது. கீழிருந்து ஓதம் ஏறுகிறது, சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தி, மேலே நீர்புகாத பூச்சுப் பூச வேண்டும் என்று பெரிய தொகைக்கு விலை எழுதிக் கொடுத்தார். அந்த மீட்டர் மரத்துக்காகச் செய்தது என்பதும், உப்பு இருந்தால் அளவு கூடக் காட்டும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

நல்லவேளையாக, கையெழுத்துப் போடும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்துக் காட்டினோம். அவர் உள்ளே வரவே இல்லை. நேராக வெளியே போய்ச் சுவரோரம் குனிந்தார். யாரோ பல வருஷங்களுக்கு முன் போட்ட சிமென்ட் நடைபாதை, வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. சுவர் மேலே சிமென்ட் பூச்சு. உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார், கைக்குட்டை அகலத்துக்குப் பூச்சு ஒரே பாளமாகப் பெயர்ந்து வந்தது. பின்னால் இருந்த மண்கல் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. கட்டைவிரலை அழுத்தினால் பதிந்தது. பழைய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வருமே, அந்த வாடை.

நடைபாதையை வெட்டி எடுத்தோம், சுவரோரம் மண்ணைத் தாழ்த்திச் சரளைக்கல் போட்டோம். உடைந்திருந்த மழைநீர்க் குழாயை மாற்றினோம். சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுவதும் சுவரைச் சும்மா விட்டோம். செப்டம்பரில் அது காய்ந்து மண் நிறம் திரும்பியிருந்தது. அதன் பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு. ரசாயனம் ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படவில்லை. 1877-இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது. ஓதம், சுண்ணாம்பு, கூரை பற்றி அவர்களிடம் கேட்டிருந்தால் எங்களுக்கு ஒரு வருஷக் கவலை மிச்சமாகியிருக்கும். நீங்கள் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது

குறைந்தது இரண்டு முறை போங்கள், அதில் ஒரு முறை மழையில் போங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, கூரையிலிருந்து நீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வெளித்தரை உள்தரையைவிட உயரமா? சுவரில் சிமென்ட் பூச்சா? தட்டிப் பார்த்தால் டொக்கு விழுகிறதா? உள்ளே போனதும் மூக்கு சொல்வதைக் கேளுங்கள். கேக் வாசமோ மெழுகுவர்த்தி வாசமோ தூக்கலாக இருந்தால், அறையை விட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள். அலமாரிக்குப் பின்னால் பார்க்கலாமா என்று கேளுங்கள். வாங்குபவர் கேட்பதில் தவறே இல்லை.

உத்திரங்களில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன் வண்டு குடைந்த பழைய துளைகளாக இருக்கலாம். துளைக்கு அடியில் புது மாவு உதிர்ந்து கிடந்தால்தான் கவலை. மரம் ஈரமாக இருக்கும் இடத்தில்தான் வண்டுக்கும் வாழ்வு, ஆக இதுவும் ஓதத்தில்தான் போய் முடிகிறது. தரை சாய்ந்திருப்பதும் சுவர் உப்பியிருப்பதும் முந்நூறு வருஷத்து வீட்டில் இயல்புதான். அது இன்னமும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி, அதைச் சொல்ல வேண்டியவர், வீட்டின் நிலையைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர்.

கூரை வேய்ந்த வீடு என்றால் முகட்டைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நீள வைக்கோல் வேய்வதுதான் பழைய வழக்கம், அது 15 முதல் 25 ஆண்டு வரும். நாணல் கூரை 40 ஆண்டுக்கு மேலும் தாங்கும். எதுவானாலும் முகட்டை மட்டும் 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். முழுக் கூரையையும் மாற்றுவதென்றால் பல்லாயிரம் பவுண்டு ஆகும். ஆகவே கடைசியாக எப்போது வேய்ந்தார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். கூரை வீட்டுக்குக் காப்பீடு தரும் நிறுவனங்கள் தனியாக இருக்கின்றன. புகைபோக்கியைத் துடைத்த சான்று, மின்கம்பிகளைச் சோதித்த சான்று இரண்டையும் கேட்பார்கள். விலை பேசும் முன்பே காப்பீட்டு விலையை விசாரித்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். கிராமத்தில் சமையல்வாயுக் குழாய் இல்லாத இடங்கள் உண்டு, எண்ணெய்த் தொட்டியில்தான் வீட்டைச் சூடாக்க வேண்டியிருக்கும். கழிவுநீர் பொதுச் சாக்கடைக்குப் போகாமல் செப்டிக் டேங்குக்குப் போனால், அது நேராக ஓடையில் கலக்கிறதா என்று கேளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் அப்படி விடக் கூடாது. மாற்றும் செலவை விற்பவர் ஏற்க வேண்டுமா, நீங்களா என்பதை இப்போதே பேசி முடிக்க வேண்டும்.

விலை, சர்வே

எஸ்டேட் ஏஜென்ட் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் விற்பவருக்காக வேலை செய்பவர். கடனுக்கு முன்னொப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேளுங்கள். கடன் தரும் வங்கியிடம் வீடு எதனால் கட்டியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மண்சுவர், மரச்சட்டம், வேய்ந்த கூரை என்றால் சில வங்கிகள் தயங்கும். விற்பவர் உங்கள் விலைக்குச் சம்மதித்தாலும் அது வாய்ப்பேச்சுதான். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறும் வரை அவரும் விலகலாம், நீங்களும் விலகலாம். வேறொருவர் கூடக் கொடுத்தால் உங்களை விட்டுவிடவும் சட்டம் இடம் தருகிறது.

சம்மதம் கிடைத்ததும் செய்ய வேண்டியது சர்வே. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்ப்பவர், வீட்டின் குறையை உங்களுக்குச் சொல்வது அவர் வேலை இல்லை. சர்வேயர்களின் தொழில் அமைப்பான ஆர்ஐசிஎஸ் வகுத்த சர்வேயில் மூன்று நிலைகள் இருக்கின்றன, பழைய வீட்டுக்கு மூன்றாம் நிலைதான் எடுக்க வேண்டும். ஆயிரம் பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் ஓதம் இருந்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்?" ரசாயனம் செலுத்தச் சொல்பவரை விட்டுவிட்டு, முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பவரை அமர்த்துங்கள். அறிக்கை வந்தபின் அவரோடு போனில் அரை மணி நேரம் பேசுங்கள். எழுத்தில் எல்லாவற்றுக்கும் சிவப்பு நிறம் போட்டிருப்பார், உடனே செய்ய வேண்டியது எது, பத்து வருஷம் பொறுக்கலாம் என்பது எது என்று பேச்சில்தான் வெளிவரும். அதை வைத்து விலையைக் குறைத்துக் கேட்பது இங்கே சாதாரணம்.

ஸ்டாம்ப் டியூட்டி: ஊரில் வீடு இருப்பவர்கள் கவனியுங்கள்

ஸ்டாம்ப் டியூட்டி என்பது வீடு வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரி. 2025 ஏப்ரல் 1-இலிருந்து, விலையில் முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், அடுத்து 9,25,000 வரை 5 சதவீதம். முதல்முறை வாங்குபவருக்கு 3,00,000 வரை வரி இல்லை, அதற்கு மேல் 5,00,000 வரை உள்ள தொகைக்கு 5 சதவீதம். விலை 5,00,000-ஐத் தாண்டினால் இந்தச் சலுகை மொத்தமும் போய்விடும். இருக்கும் ஒரே வீட்டை விற்காமல் இரண்டாவது வீடு வாங்கினால் முழு விலைக்கும் கூடுதலாக 5 சதவீதம்.

நம்மவர்கள் பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். 'முதல்முறை' என்றால் இங்கிலாந்தில் முதல்முறை என்று பொருள் இல்லை, உலகில் எங்கும் இதுவரை வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. சென்னையில் உங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தால், அப்பா எழுதிவைத்த வீட்டில் ஒரு பங்கு இருந்தால், சலுகை கிடைக்காது. வெளிநாட்டில் உள்ள வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், 5 சதவீதக் கூடுதல் வரியும் விழலாம். கணவன் மனைவியை ஒருவராகவே கணக்கிடுவார்கள். மனைவி பெயரில் கொழும்பிலோ கோவையிலோ வீடு இருந்து, கணவர் தன் பெயரில் மட்டும் இங்கே வாங்கினாலும் அது கணக்கில் வரும்.

4,25,000 பவுண்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உண்மையாகவே முதல்முறை என்றால் வரி 6,250. சலுகை இல்லையென்றால் 11,250. ஊர் வீட்டால் கூடுதல் வரியும் சேர்ந்தால் 32,500. ஒரே வீடு, வரியில் இவ்வளவு வித்தியாசம். அண்மையில் வாரிசாக வந்த சிறு பங்குகளுக்கு விதிவிலக்கு இருக்கிறது. எதுவானாலும் ஊரில் உள்ள சொத்தை மறைக்காமல் சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாங்கும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாள்கூட இந்த நாட்டில் இல்லாதவர்களுக்கு இன்னும் 2 சதவீதம் உண்டு.

சொலிசிட்டரின் வேலை

கிராமத்துப் பழைய வீடுகளைக் கையாண்டு பழகியவரைப் பிடியுங்கள். மிக மலிவாகச் செய்துதருவதாகச் சொல்லும் இடங்களில் உங்கள் கோப்பு பத்துப் பேர் கை மாறும். இங்கிலாந்து முழுவதும் வீடு விற்கும்போது நிலப்பதிவு கட்டாயமானது 1990 டிசம்பர் 1 முதல்தான். அதற்கு முன்பிருந்தே ஒரே குடும்பத்தில் இருக்கும் வீடு பதிவில் இல்லாமலே இருக்கலாம். அப்போது சிவப்பு நாடா கட்டிய பழைய பத்திரக் கட்டை எடுத்துத்தான் உரிமையை நிரூபிக்க வேண்டும், நேரம் கூடுதலாகும்.

தோட்டத்தின் குறுக்கே பொது நடைபாதை போகிறதா, பக்கத்து வீட்டு அறையின் ஒரு பகுதி உங்கள் கூரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிறதா, வண்டி வரும் பாதை யாருடையது என்று அவர் தேடிச் சொல்வார். ஊர் தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுது பார்க்கும் கடமை சில பழைய நிலங்களோடு ஒட்டிக்கொண்டு வரும், அதற்கும் ஒரு தேடல் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது, விற்பவர் நிரப்பித் தரும் தகவல் படிவத்தை வரிவரியாகப் படிப்பது. 'தெரியாது' என்று எழுதியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி என்றானபின் ஒப்பந்தங்கள் கைமாறும், வழக்கமாக விலையில் 10 சதவீதம் முன்பணம் போகும். அந்த நிமிடத்திலிருந்து பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். வீடு எரிந்தாலும் பொதுவாக உங்கள் பொறுப்பு, ஆகவே கட்டடக் காப்பீடு அன்றே தொடங்க வேண்டும். பிறகு சாவி வாங்கும் நாள். அதிலிருந்து 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி கணக்கைச் சமர்ப்பித்துக் கட்ட வேண்டும், அதைச் சொலிசிட்டரே செய்துவிடுவார். மொத்தத்தில் மூன்று நான்கு மாதம் ஆகும். பதிவில்லாத வீடென்றால் அதற்கு மேலும் ஆகலாம்.

குடிவந்த முதல் வருஷம்

எதையும் இடிக்காதீர்கள். ஒரு குளிர்காலம், ஒரு கோடை முழுவதும் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். எந்த மூலை குளிர்கிறது, வெயில் எந்த அறைக்குள் எப்போது வருகிறது, எந்தச் சுவர் மழைக்குப் பின் நிறம் மாறுகிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். நம் சமையலில் ஆவி அதிகம். குக்கரும் ரசமும் கொதிக்கும்போது சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையோ களிமண் பெயின்ட்டோ அடியுங்கள். கணப்பில் தீ மூட்டும் முன் புகைபோக்கி துடைப்பவரை ஒருமுறை வரவழைத்துவிடுங்கள், உள்ளே காக்கைக் கூடு இருப்பது இங்கே அபூர்வமில்லை.

ஓட்டுக் கூரை வீடாக இருந்தால் நவம்பர் கடைசியில், இலை எல்லாம் விழுந்து முடிந்ததும், ஏணி போட்டுக் கூரையோரத்து மழைநீர்க் குழாய்களை அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, அது எங்கும் கசியாமல் கீழே வந்து சுவரை விட்டு விலகி ஓடுகிறதா என்று நின்று பாருங்கள். அந்தத் தம்பியிடமும் கடைசியாக இதைத்தான் சொன்னேன். வரும் சனிக்கிழமை அந்த வீட்டை இரண்டாம் முறை பார்க்கப் போகிறோம், மழை பெய்யும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது.